குறும்படத்துக்கு எந்த ஒலித்தொகுப்பு மென்பொருள்? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்களின் குறும்படங்களுக்கு ஒலி வேலை செய்துகொடுத்தும், பிறகு அவர்களையே உட்கார்ந்து செய்யவைத்தும் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய இதே கேள்விகள்தாம் வருகின்றன. பத்து, பதினைந்து நிமிடம் ஓடும் படம், ஒரு கேமரா அல்லது கைபேசி, இரவல் வாங்கிய ரெக்கார்டர், ஒரு காலர் மைக், குழுவில் யாரோ ஒருவருடைய மடிக்கணினி ஆகியவைதாம் உங்கள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

எந்த மென்பொருளை எடுத்துக்கொள்வது என்று முதலிலேயே சொல்லிவிட முடியுமா?

முடியும். மடிக்கணினியில் 16 ஜிபி நினைவகமும் தனி கிராஃபிக்ஸ் அட்டையும் இருந்தால் டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் ஃபேர்லைட் என்னும் பகுதி ஒலிக்கென்றே அமைந்தது. கணினி அந்தச் சுமையைத் தாங்காது என்றால் ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும். ஆடாசிட்டியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, முழுப் படத்தையும் அதில் முடிக்க முயல வேண்டாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, படப்பிடிப்புக்குப் போவதற்கு முன்பே இந்த முடிவை எடுத்துவிடுவது. ஒலி எந்த வடிவத்தில் பதிவாக வேண்டும், படத்தொகுப்பாளரிடமிருந்து எப்படி உங்கள் கைக்கு வர வேண்டும் என்பவை எல்லாம் அந்த முடிவைப் பொறுத்தே அமைகின்றன. படத்தை வெட்டி முடித்த பிறகு "சவுண்டுக்கு எதைப் போடலாம்?" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம் வீணாகிறது.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒலியைத் தொகுக்கும்போது படம் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறதா என்பதைத்தான். ஒரு பாடலையோ பாட்காஸ்டையோ தொகுப்பவருக்குக் காது போதும். படத்துக்கு ஒலி வைப்பவருக்குக் கண்ணும் வேண்டும். கதவு சாத்தும் ஓசை எந்த ஃபிரேமில் விழ வேண்டும், வசனத்துக்கு முன் இழுக்கும் மூச்சு முகத்தில் தெரிகிறதா, அடுத்த காட்சியின் தெருச் சத்தத்தை இந்தக் காட்சி முடிவதற்கு அரை நொடி முன்னதாகவே கொண்டுவரலாமா என்பவற்றை எல்லாம் திரையைப் பார்க்காமல் முடிவு செய்ய இயலாது. எத்தனை எஃபெக்ட் இருக்கிறது, பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆடாசிட்டி இலவசம், எல்லாருக்கும் தெரியும். அது ஏன் போதாது?

ஆடாசிட்டியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1999-இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட அந்தத் திறமூல மென்பொருளால்தான் என்னைப் போன்ற பலர் ஒரு ரூபாய் செலவில்லாமல் ஒலியை வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டோம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய கணினியிலும் ஓடும். ஆனால் அதில் படத்தை வைத்து ஓட்டும் வீடியோ டிராக் இல்லை.

இதனால் என்ன ஆகும் என்பதை ஒரு குழுவிடம் நேரிலேயே பார்த்தேன். 12 நிமிடப் படம். படத்தொகுப்பிலிருந்து ஒலியை மட்டும் ஒரே கோப்பாக வெளியே எடுத்து ஆடாசிட்டியில் போட்டு, மூன்று நாள் உட்கார்ந்து இரைச்சல் நீக்கி, காலடி ஓசை சேர்த்து, இசை வைத்து, மீண்டும் படத்தோடு பொருத்தினார்கள். அதற்குள் இயக்குநர் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு ஷாட்டை நான்கு நொடி குறைத்திருந்தார். அதன்பின் வந்த ஏழு நிமிட ஒலியும் நான்கு நொடி தள்ளி நின்றது. எல்லா டிராக்கையும் ஒன்றாக இழுத்தால் வசனம் சேர்ந்தது. ஆனால் வெட்டப்பட்ட ஷாட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்த இசை நடுவில் துண்டானது. படத்தைப் பார்த்துக்கொண்டே சரிசெய்ய வழியில்லாததால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் கோப்பை ஏற்றுமதி செய்து, படத்தோடு வைத்துப் பார்த்து, மறுபடியும் ஆடாசிட்டிக்குத் திரும்பினார்கள். அப்படி ஒரே மாலையில் பதினெட்டு முறை ஏற்றுமதி செய்த கோப்புகள் அந்த ஃபோல்டரில் கிடந்தன.

ஆடாசிட்டி எதற்குப் பயன்படும் என்றால், தனித்தனித் துண்டுகளைச் சுத்தம் செய்வதற்கும், டப்பிங் குரலையோ காலடி ஓசையையோ விரைவாகப் பதிவு செய்வதற்கும் மிகவும் பயன்படும். முன்பெல்லாம் எஃபெக்டைப் போட்டால் ஒலியிலேயே பதிந்துவிடும். 2022-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து, போட்ட எஃபெக்டைப் பிறகு மாற்றவோ நீக்கவோ முடிகிறது. எம்4ஏ கோப்பையும் கைபேசி வீடியோவின் ஒலியையும் அதில் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டும். கைபேசியில் பதிவு செய்த ஒலி திறக்கவில்லை என்று வருபவர்களில் பெரும்பாலானோருக்குத் தடை இதுதான்.

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் ஒலி வேலைக்கு என்ன கிடைக்கும்?

மாணவர் படத்துக்குத் தேவையானது ஏறத்தாழ முழுவதும் கிடைக்கும். ஃபேர்லைட் என்பது முதலில் ஆஸ்திரேலியாவின் தனி நிறுவனம். 1979-இல் வெளிவந்த அதன் சிந்தசைசர் இசையுலகில் பெயர் பெற்றது. 2016-இல் அதை பிளாக்மேஜிக் டிசைன் வாங்கி, 2017-இல் வந்த ரிசால்வ் 14-ஆம் பதிப்பில் ஒரு பக்கமாகவே சேர்த்துவிட்டது. ஆகவே படத்தை வெட்டும் அதே திட்டத்தில், கீழே உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் ஒலி மேசைக்கு வந்துவிடலாம். இயக்குநர் நான்கு நொடி குறைத்தால் படத்தோடு சேர்ந்து ஒலியும் நகர்கிறது. மேலே சொன்ன பதினெட்டு ஏற்றுமதிகளுக்கு அங்கே இடமே இல்லை.

இரைச்சல் குறைப்பு, மின்சார ரீங்காரம் நீக்குதல், 'ச', 'ஸ' ஒலிகளின் சீறலைத் தணித்தல், ஒலிச்செறிவு மானி ஆகியவை இலவசப் பதிப்பிலேயே உள்ளன. ரெக்கார்டரில் பதிந்த ஒலியை, கேமராவில் பதிந்த ஒலியின் அலைவடிவத்தோடு ஒப்பிட்டுத் தானாகவே பொருத்தும் வசதியும் உண்டு. குரலை மட்டும் பிரித்தெடுக்கும் வாய்ஸ் ஐசோலேஷன் இலவசப் பதிப்பில் இல்லை. அதற்கு ஸ்டுடியோ பதிப்பு வேண்டும். ஒரே முறை 295 டாலர் கட்டி வாங்குவது அது. முதல் படத்துக்கு அந்தப் பணத்தை ஒரு நல்ல மைக்குக்குச் செலவிடுவதே பயன் தரும் என்பது என் கருத்து.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, டைம்லைனில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைக் காட்சிகளை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். 24-ஆ 25-ஆ என்பதைப் பின்னால் மாற்ற ரிசால்வ் இடம்கொடுக்காது. இரண்டாவது, லினக்ஸில் ஓடும் இலவசப் பதிப்பு ஏஏசி என்ற சுருக்கிய வடிவத்தில் உள்ள ஒலியைப் படிக்காது. கைபேசியிலும் பல கேமராக்களிலும் பதிவாவது ஏஏசி என்பதால், அவற்றின் ஒலி வராது. கோப்பைத் திறமூலக் கருவி ஒன்றில் வேவ் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்க முடியும்.

என் மடிக்கணினியில் 8 ஜிபி தான் இருக்கிறது. ரிசால்வ் திணறுகிறது.

ரீப்பரை நிறுவிப் பாருங்கள். வினாம்ப் என்ற பாடல் இயக்கியை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்கோஸ் நிறுவனம் வெளியிடுவது. ஒரு சில பாடல்களின் அளவுக்குள் அடங்கும் கோப்பை இறக்கிக்கொண்டால் வேலை தொடங்கிவிடும். அதன் டைம்லைனில் வீடியோவை வைத்துக்கொண்டே ஒலியைத் தொகுக்கலாம். சில வீடியோ வடிவங்களைத் திறக்க விஎல்சி என்ற வீடியோ இயக்கி கணினியில் இருக்க வேண்டும். படத்தொகுப்பாளரிடம் 1280-க்கு 720 அளவில் சிறிய பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால் பழைய கணினியிலும் தடங்கலின்றி ஓடும்.

60 நாள் முழு வசதிகளோடு சோதித்துப் பார்க்கலாம். அதன்பிறகும் அது திறக்கும் என்றாலும், தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் உரிய 60 டாலர் உரிமத்தை, அதாவது ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாயை, குழுவாகச் சேர்ந்தாவது கட்டிவிடுங்கள். நம்பிக்கையின் பேரில் பூட்டுப் போடாமல் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நாம் காப்பாற்ற வேண்டும். ரீப்பரின் குறை, முதலில் திறக்கும்போது வெறுமையாகத் தோன்றும் அதன் திரையும் நீளமான மெனுக்களும்தான். ஒரு வார இறுதி முழுவதும் செலவிட்டால் பழகிவிடும்.

மேக் வைத்திருப்பவர்கள் கராஜ்பேண்டில் படத்தைத் திறந்து இசை வைக்கலாம். பல காட்சிகள் கொண்ட வசனத் தொகுப்புக்கு அது ஏற்றதல்ல. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஆர்டர் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. ரீப்பரும் லினக்ஸில் ஓடும்.

சினிமாவில் எல்லாரும் புரோ டூல்ஸ்தான் என்கிறார்களே?

சென்னையில் உள்ள மிக்ஸிங் கூடங்களுக்குப் போனால் பெரும்பாலும் அதைத்தான் காண்பீர்கள். ஒலியையே தொழிலாகக் கொள்ளப்போகிறவர் என்றைக்காவது அதைக் கற்றே ஆக வேண்டும். புரோ டூல்ஸ் இன்ட்ரோ என்ற இலவசப் பதிப்பும் இருக்கிறது. ஆனால் அதில் 8 ஒலி டிராக்குகள் மட்டுமே. எண்ணிப் பாருங்கள்: இரண்டு நடிகர்களின் வசனத்துக்குக் குறைந்தது மூன்று, டப்பிங்குக்கு ஒன்று, சூழல் ஒலிக்கு இரண்டு, காலடிக்கும் பொருள்களின் ஓசைக்கும் இரண்டு. எட்டும் தீர்ந்துவிட்டன, இசை இன்னும் வரவில்லை. விசைகளைப் பழகிக்கொள்ள அதை வைத்துக்கொள்ளுங்கள். படத்தை வேறொன்றில் முடியுங்கள். ஒரு மென்பொருளில் வசனத்தை ஒழுங்காக அடுக்கக் கற்றவருக்கு இன்னொன்றில் பொத்தான்களின் இடம் மட்டும்தான் மாறும்.

கிராக் செய்த பதிப்பு நண்பரிடம் இருக்கிறது. பயன்படுத்தலாமா?

வேண்டாம். சட்டத்துக்கு மாறானது என்பது ஒரு பக்கம். பாதுகாப்பு மென்பொருளை அணைத்துவிட்டு நிறுவச் சொல்லும் எந்தக் கோப்பும், உங்கள் குழுவின் மொத்தக் காட்சிகளும் இருக்கும் வன்வட்டைப் பணயமாகக் கேட்கிறது என்பது இன்னொரு பக்கம். இவ்வளவு நல்ல மென்பொருள்கள் முறையாகவே இலவசமாகக் கிடைக்கும்போது அந்த ஆபத்துக்குள் போக ஒரு காரணமும் இல்லை.

44.1-ஆ, 48-ஆ? இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

44.1 கிலோஹெர்ட்ஸ் என்பது இசைக் குறுந்தட்டுக்கு (சிடி) வந்த அளவு, படத்துக்கு 48. இதன் காரணம் ஒரு சின்னக் கணக்கில் விளங்கிவிடும். 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடியின் ஒலி 48,000 மாதிரிகளாகப் பதிவாகிறது. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 2,000 மாதிரிகள். 25 ஃபிரேம் என்றால் 1,920. 44.1-ஐ 24-ஆல் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்கு 1,837.5 வருகிறது, அரை மாதிரி என்று ஒன்று கிடையாது.

நல்ல மென்பொருள்கள் 44.1-இல் பதிந்த கோப்பைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும் என்பதால் பல நேரங்களில் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் எங்கோ ஓரிடத்தில் 44.1 கோப்பை 48 என்று தவறாகப் படித்துவிட்டால், 10 நிமிடப் பதிவு 9 நிமிடம் 11 நொடியில் முடிந்து, நடிகரின் குரல் கீச்சென்று ஆகிவிடும். ரெக்கார்டர், கைபேசிச் செயலி, மென்பொருள் மூன்றிலும் படப்பிடிப்புக்கு முதல் நாள் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் என்று வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். ஒரு மைக்கின் பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பிதான் வரும். இடம் போதாது என்று எம்பி3-க்குப் போக வேண்டியதில்லை. எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் நுண்ணிய வெற்றிடம் ஒன்று சேர்ந்துவிடுவதால், படத்தோடு பொருத்தும்போது அதுவே ஒரு ஃபிரேம் அளவுக்குத் தள்ளிவிடக்கூடும்.

காட்சியின் தொடக்கத்தில் உதடும் குரலும் சேர்கின்றன. போகப் போக விலகுகின்றன. மென்பொருளின் குறையா?

பெரும்பாலும் கைபேசிக் கேமராவின் இயல்பு. வெளிச்சத்துக்கும் செயலியின் சுமைக்கும் ஏற்ப, கைபேசிகள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்பதைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்கின்றன. தொகுப்பு மென்பொருளோ எல்லா நொடியும் ஒரே அளவு என்று எண்ணிக்கொள்கிறது. தொகுக்கத் தொடங்குவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கொடுத்து, மாறாத ஃபிரேம் வேகம் என்ற தெரிவோடு மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை நீங்கும். தொகுத்த பிறகு மாற்றினால் வெட்டிய இடங்கள் எல்லாம் இடம் மாறும் என்பதால் வரிசை முக்கியம்.

ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கிளாப் அடியுங்கள். பலகை இல்லையென்றால் கேமரா முன் இரு கைகளைத் தட்டினாலும் போதும். தட்டும் கணம் அலைவடிவத்தில் ஊசி போல நிற்கும். உள்ளங்கைகள் சேரும் ஃபிரேமும் படத்தில் தெளிவாகத் தெரியும்.

மின்விசிறிச் சத்தத்தை எந்த மென்பொருள் முழுதாக நீக்கும்?

எதுவும் நீக்காது, குறைக்கும். ஆடாசிட்டியில் எப்படி என்று சொல்கிறேன். வசனம் இல்லாமல் விசிறி மட்டும் கேட்கும் இரண்டு நொடியைத் தெரிவு செய்து, நாய்ஸ் ரிடக்ஷனைத் திறந்து அதன் மாதிரியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு முழு வசனத்தையும் தெரிவு செய்து, குறைப்பை 6 டெசிபலில் வைத்து ஓட்டிக் கேளுங்கள். போதாவிட்டால் 9, அதற்கு மேல் 12. அதைத் தாண்டினால் சத்தம் போகும், கூடவே குரலின் உயிரும் போகும். தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது போல ஒரு குமிழி ஓசை சொற்களின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும் ஹை-பாஸ் வடிகட்டியை முதலில் போட்டாலே, லாரி உறுமலும் மைக் தாங்கியின் அதிர்வும் பெருமளவு அடங்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ரீங்காரம் 50, 100, 150 என்ற இடங்களில் நிற்கும். ரீங்காரம் நீக்கும் கருவியில் 60 என்று இருந்தால் 50-க்கு மாற்றுங்கள்.

இதைவிடப் பெரிய உதவியைப் படப்பிடிப்பிலேயே செய்யலாம். டேக் ஓடும் நேரத்துக்கு மட்டும் விசிறியை நிறுத்துங்கள். நடிகருக்கு வியர்த்தால் இடையில் ஓடவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எல்லாரும் அசையாமல் நிற்க, அந்த அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு வசனங்களுக்கு நடுவே வெட்டிய இடத்தில் ஒலி அற்றுப்போய்ப் பள்ளம் போல் கேட்பதை அந்த ஒரு நிமிடம்தான் நிரப்பும். மாணவர் படங்களில் நான் மிகுதியாகக் காணும் குறை இரைச்சல் அன்று, இந்தப் பள்ளங்கள்தாம்.

டப்பிங் செய்வதாக இருந்தால் தேர்வு மாறுமா?

சற்று மாறும். தமிழ்ப் படங்களில் படப்பிடிப்பு ஒலியை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் குரல் கொடுப்பது நெடுங்கால வழக்கம். அந்த வழிகாட்டியைத்தான் பைலட் டிராக் என்கிறோம். டப்பிங்குக்கு வேண்டியது, ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் தனி டேக்காகச் சேமிக்கும் வசதி. ரீப்பரில் இது மிக எளிது: அந்த வரியைத் தெரிவு செய்து சுழலவிட்டால், நடிகர் ஐந்து முறை பேசியதும் ஐந்து டேக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், இரண்டாவதின் முதல் பாதியையும் நான்காவதின் பின்பாதியையும் சேர்த்துக்கொள்ளலாம். துணி நிறைந்த அலமாரி இருக்கும் சிறிய அறையில், மைக்கிலிருந்து ஓர் அடிக்குச் சற்று மேல் தள்ளி நின்று பேசச் சொல்லுங்கள். வாயருகே வைத்துப் பதிந்த குரல், தூரத்தில் நிற்கும் ஆளின் உருவத்தோடு ஒட்டாது.

படத்தொகுப்பு ஒருவர் கணினியில், ஒலி வேறொருவர் கணினியில். எப்படிக் கைமாற்றுவது?

பிரீமியர் என்ற படத்தொகுப்பு மென்பொருளிலிருந்தும் ரிசால்விலிருந்தும் ஏஏஎஃப் என்ற கோப்பாக, வெட்டிய ஒவ்வொரு துண்டையும் அதன் இடத்திலேயே அனுப்பலாம். ஒவ்வொரு துண்டின் இரு பக்கமும் சில நொடி கூடுதல் ஒலி வைத்து அனுப்பச் சொல்லுங்கள், மங்கி மறையவைக்க அது தேவைப்படும். ரீப்பரும் ஆடாசிட்டியும் ஏஏஎஃப்பை நேரடியாகத் திறக்காது என்பதை முன்பே அறிந்திருங்கள். அவற்றைப் பயன்படுத்துபவர், ஒவ்வொரு டிராக்கையும் படத்தின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை முழு நீள வேவ் கோப்பாக வாங்கிக்கொள்ள வேண்டும். படத்தின் முதல் ஃபிரேமுக்குச் சரியாக 2 நொடி முன்னால், ஒரு ஃபிரேம் நீளத்துக்கு ஒரு பீப் வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் கலவையில் அந்த பீப் அதே ஃபிரேமில் விழுந்தால் தொடக்கம் சேர்ந்தது என்று கண்ணால் பார்த்தே உறுதி செய்யலாம். படத்தின் முடிவிலும் ஒன்று வைத்தால் நடுவில் விலகல் இல்லை என்பதும் தெரியும்.

ஒலி அளவை எதில் நிறுத்துவது?

பதிவின்போது வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும். முடித்த படத்தை எல்யூஎஃப்எஸ் என்ற ஒலிச்செறிவு அளவில் அளக்க வேண்டும். யூட்யூப் மைனஸ் 14-ஐ ஒட்டிய அளவுக்கு மேல் போகும் ஒலியைத் தானாகவே குறைத்துவிடும்; ஐரோப்பிய ஒளிபரப்பு அளவு மைனஸ் 23. விழாவுக்கு அனுப்பினால் அவர்கள் கேட்கும் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உச்சம் எந்த இடத்திலும் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

புளூடூத் ஹெட்போனில் வேலை செய்யலாமா?

உதடு பொருத்தும் வேலைக்கு வேண்டாம். அதில் ஒலி பல ஃபிரேம்கள் தாமதமாகவே காதுக்கு வருகிறது. நீங்கள் சரியாக வைத்த குரலைத் தவறென்று எண்ணி நகர்த்திவிடுவீர்கள். கம்பி உள்ள சாதாரண ஹெட்போன் போதும்.

திட்டத்தை வேறு கணினிக்கு எடுத்துப் போனால் ஒலி எல்லாம் காணாமல் போகிறதே?

திட்டக் கோப்பில் ஒலி இருப்பதில்லை. எந்த ஒலி எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. ரிசால்வில் திட்டத்தை ஆர்க்கைவாக ஏற்றுமதி செய்தால் காட்சியும் ஒலியும் சேர்ந்து வரும். ரீப்பரில் வேறு பெயரில் சேமிக்கும்போது எல்லா மீடியாவையும் அதே ஃபோல்டருக்குள் பிரதியெடுக்கும் தெரிவை டிக் செய்யுங்கள். ஆடாசிட்டி மட்டும் 2021-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் வைத்துக்கொள்கிறது. எதுவாக இருந்தாலும், கல்லூரிக்கு எடுத்துப் போகும் முன் அந்தப் பிரதியை வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து, முதல் காட்சி முதல் கடைசிக் காட்சி வரை ஓடவிட்டுக் கேளுங்கள்.